24 பிரஷ் உள்ள மேக்கப் செட் வாங்கலாமா, ஏழு உள்ளது போதுமா?

தாழம்பூ எழுதியது:

வணக்கம் தோழிகளே. மேக்கப்பை இப்போதுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வருகிறேன். இதுவரைக்கும் விரல், ஒரு ஸ்பாஞ்ச், ஐஷேடோ டப்பாவோடு வரும் பஞ்சு வைத்த குட்டிக் குச்சி, இவ்வளவுதான் கையில். விரலால் பவுண்டேஷன் போட்டால் மூக்கோரத்திலும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலும் கோடு நிற்கிறது. ஐஷேடோ இரண்டு நிறம் போட்டால் நடுவில் எல்லை பளிச்சென்று தெரிகிறது. சரி, இனி பிரஷ் வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு செட். முதலாவதில் 24 பிரஷ், சுருட்டி வைக்கிற பை, மரக் கைப்பிடி, ‘இயற்கை முடி’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் ஏழே ஏழு, எல்லாம் செயற்கை நார், பையும் கிடையாது. ஆனால் விலை முதலாவதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கணக்குப் போட்டால் முதல் செட்டில் ஒரு பிரஷ்ஷின் விலை, இரண்டாவதில் ஒரு பிரஷ்ஷின் விலையில் ஏழில் ஒரு பங்குதான் வருகிறது. மனசு அந்தப் பக்கம்தான் போகிறது.

தயக்கம் எதனால் என்றால், என் தோழி ஒருத்தி வேறொரு கம்பெனியின் பெரிய செட் வாங்கினாள். பவுடர் பிரஷ்ஷைத் தடவினால் கன்னத்தில் முடி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை கழுவியபோது தண்ணீர் கறுப்பாக ஓடியது. ஒரு பிரஷ்ஷின் தலை கைப்பிடியிலிருந்து கழன்றே வந்துவிட்டது.

நான் போடுவது லிக்விட் பவுண்டேஷன், க்ரீம் பிளஷ், மூக்கு நெற்றியில் கொஞ்சம் பவுடர், எப்போதாவது ஐஷேடோ. இதற்கு எத்தனை பிரஷ் வேண்டும்? இயற்கை முடி உண்மையிலேயே உசத்தியா? முடி கொட்டுவது எல்லாப் பிரஷ்ஷிலும் நடக்கிறதா? கையில் எடுத்துப் பார்க்காமல், படத்தை வைத்தே தரத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மழைத்துளி எழுதியது:

ஏழு உள்ளதையே வாங்குங்கள். என்னிடம் 12 உள்ள செட் ஒன்று இருக்கிறது. அதில் தினமும் கையில் எடுப்பது பவுண்டேஷன் பிரஷ், பிளஷ் பிரஷ், புருவத்துக்கான சாய்ந்த பிரஷ், கண்ணுக்கு ஒன்று. விசிறி மாதிரி விரிந்த ஒன்று வந்தது, அதை எதற்கு என்றே தெரியாமல் ஹைலைட்டருக்கு ஒரு நாள் எடுத்தேன், அப்புறம் பைக்குள் போனதுதான்.

இன்னொன்று. கரும்புள்ளி, கருவளையத்தை மறைக்கப் போடும் கன்சீலருக்கு விரல் போதும். விரலின் சூட்டில் அது இளகித் தோலோடு நன்றாக ஒட்டும். அதற்கென்று தனிப் பிரஷ் தேட வேண்டாம்.


அரிதாரக்காரி எழுதியது:

தாழம்பூ, மேடைக்கும் போட்டோ எடுப்பதற்கும் மேக்கப் போடுவதுதான் என் தொழில். பிரஷ் என்று வந்தால் நிறையச் சொல்ல இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தக் கணக்கை மாற்றிப் போடுங்கள். விலையைப் பெட்டியில் இருக்கும் பிரஷ் எண்ணிக்கையால் வகுக்காமல், நீங்கள் கையில் எடுக்கப்போகும் பிரஷ் எண்ணிக்கையால் வகுங்கள். நீங்கள் சொன்ன மேக்கப்புக்கு ஐந்து வேண்டும், மிஞ்சினால் ஆறு. இரண்டு செட்டிலும் ஐந்தைத்தான் தொடுவீர்கள் என்றால், ஏழில் ஒரு பங்கு என்று தெரிந்த வித்தியாசம் பாதி விலை என்று சுருங்கிவிடும். மலிவு செட்டின் அந்த ஐந்தில் இரண்டு சரியில்லாமல் போனால், மீதி மூன்றும் கிட்டத்தட்ட அடுத்த செட்டின் விலைக்கே வந்து நிற்கும். சரியில்லாத இரண்டுக்கு மாற்று வாங்கும் செலவு அதற்கு மேல்.

24 என்ற எண்ணிக்கை எப்படி வருகிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டையான கண் பிரஷ் ஒரே வடிவத்தில் நூலளவு வித்தியாசத்தோடு நாலைந்து இருக்கும். உதட்டுக்கு இரண்டு. இமை முடிச் சீப்பு, புருவம் சீவும் சுருள் பிரஷ், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அதே பஞ்சுக் குச்சி, எல்லாம் எண்ணிக்கையில் சேரும். அதே நேரம் முகத்துக்கு அடர்த்தியான ஒரு பிரஷ், இமை மடிப்பில் நிறத்தைக் கரைக்க ஒரு நல்ல ப்ளெண்டிங் பிரஷ், இந்த இரண்டும் பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். அடர்த்தியான பிரஷ்ஷுக்கு நிறைய முடி வேண்டும், முடிதான் செலவு.

உங்கள் ஐஷேடோவில் எல்லை தெரிவதற்கு மருந்து அந்த ப்ளெண்டிங் பிரஷ்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நல்லதொன்றையும் மட்டமானதொன்றையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்லதில் ஒவ்வொரு முடியும் நுனிக்குப் போகப் போக மெலிந்து கண்ணுக்குத் தெரியாமல் முடியும், அதனால் தலையின் ஓரம் லேசான புகைபோலத் தெரியும். மட்டமானதில் முடிகளை நீட்டாக வைத்துக் கட்டிவிட்டு, வடிவம் வருவதற்காகக் கத்தரியால் வெட்டியிருப்பார்கள். ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கும், நுனி மொட்டையாக இருக்கும். மெலிந்த நுனி பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போகும். வெட்டிய நுனி ஒரே இடத்தில் கொட்டிவிட்டு, அடுத்த இழுப்பில் போட்டதையே சுரண்டி எடுக்கும். திட்டுத் திட்டாக வந்தால் நிறைய பேர் தன் கையைத்தான் நொந்துகொள்கிறார்கள், பிரஷ் மாறியதும் அதே கைக்கு நன்றாக வருகிறது. வெட்டிய நுனியைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பிரஷ்ஷை மூடிய கண்ணிமைமேல் நேராக வைத்து மெல்ல அழுத்துங்கள். குத்தினால் வேண்டாம்.

ஜப்பானில் ஹிரோஷிமா மாகாணத்தில் குமனோ என்றொரு ஊர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடிந்த எடோ காலத்தின் கடைசியிலிருந்து எழுத்துத் தூரிகை செய்து பழகிய ஊர், இப்போது மேக்கப் பிரஷ்ஷுக்கும் அதுதான் பெயர்போன இடம். அங்கே கைவினையாகச் செய்யும் பிரஷ்களில் முடியின் நுனியை வெட்டுவதே இல்லை. குழிவான சின்ன மரக் கிண்ணத்துக்குள் முடியைத் தலைகீழாக இறக்கித் தட்டித் தட்டி, நுனிகளைக் கொண்டே வடிவம் வரவைக்கிறார்கள். 2011-இல் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற ஜப்பான் கால்பந்து அணிக்கு அந்நாட்டு அரசு தேசிய கௌரவ விருது கொடுத்தபோது, கூடவே நினைவுப் பரிசாகக் கொடுத்தது குமனோ மேக்கப் பிரஷ்களைத்தான். என் குருவிடம் அப்படி ஒன்று உண்டு. கன்னத்தில் அது பட்டதும், நுனி என்பது பிரஷ்ஷுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விலைக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

இயற்கை முடி உசத்தியா என்றால், எதைப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விலங்கு முடிமேல் நம் தலைமுடியில் இருப்பதுபோலவே மெல்லிய செதில்கள் உண்டு. பவுடர் அதில் தங்கி நிதானமாக இறங்கும். ஆட்டு முடி உறுதியானது, நிறத்தை நன்றாக அள்ளும். அணில் முடி மிக மிருது, மேலோட்டமாகத் தூவ அருமை, ஆனால் அடிக்கடி கழுவினால் உடையும். ஆனால் லிக்விடும் க்ரீமும் விலங்கு முடியில் ஊறிப் போகும். பாதி பவுண்டேஷனைப் பிரஷ்ஷே குடித்துவிடும், கழுவினாலும் முழுசாகப் போகாது. செயற்கை நாரில் செதில் இல்லை, எடுத்தது அப்படியே முகத்துக்கு வரும், சீக்கிரம் காயும். நீங்கள் போடுவதில் பவுண்டேஷனும் பிளஷ்ஷும் ஈரமானவை. உங்களுக்குச் செயற்கைதான் பொருத்தம். ஐஷேடோவுக்குக்கூட நுனி மெலிந்த செயற்கை நார் இப்போது நன்றாகவே வருகிறது.

முடி கொட்டும் விஷயம். புதுப் பிரஷ்ஷில் முதல் ஓரிரு கழுவலில் நாலைந்து முடி வருவது சகஜம், கட்டும்போது நடுவில் சிக்கிக்கொண்டவை அவை. அதற்குப் பிறகும் கொட்டினால், விழுந்த முடியை எடுத்துப் பிரஷ்ஷின் முடியோடு நீளம் பாருங்கள். உலோகத்துக்குள் இருக்க வேண்டிய பகுதியோடு முழுசாக வந்திருந்தால் பசை பிடிக்கவில்லை. துண்டாக வந்திருந்தால் முடியே உடைகிறது. பசை பிடிக்காத பிரஷ் கொட்டிக்கொண்டேதான் இருக்கும், காத்திருந்து பயனில்லை. கறுப்புத் தண்ணீரும் அப்படித்தான். சாயம் போட்ட முடியில் முதல் கழுவலில் லேசாக நிறம் வரலாம், மூன்றாவது கழுவலிலும் ஓடினால் அதை முகத்தில் வைக்காதீர்கள்.

படத்தில் பார்க்க வேண்டியது தலையைப் பக்கவாட்டில் எடுத்த படம். எல்லாப் பிரஷ்ஷையும் விசிறிபோலப் பரப்பி மேலிருந்து எடுத்த படத்தில் எதுவும் தெரியாது. வாங்கியவர்கள் கழுவிய பிறகு போட்ட படம் கிடைத்தால் அதுதான் தங்கம். கழுவியதும் தலை பழைய வடிவத்துக்கு வந்திருக்கிறதா, நாலாபக்கமும் விரிந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

பணத்தை எங்கே போடலாம் என்றால், பவுண்டேஷனுக்கு வட்டத் தலையுள்ள அடர்த்தியான பஃபிங் பிரஷ், அப்புறம் ப்ளெண்டிங் பிரஷ். இவை இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். புருவச் சுருள், உதட்டு பிரஷ் எல்லாம் எதுவானாலும் நடக்கும்.


நீர்வண்ணன் எழுதியது:

எனக்கு மேக்கப் தெரியாது. நான் நீர்வண்ண ஓவியம் வரைகிறவன். வீட்டில் தங்கச்சி இந்தத் திரியைக் காட்டினாள். பிரஷ் கழன்று வந்ததைப் பற்றி எழுதியிருந்ததால் உள்ளே வந்தேன், ஏனென்றால் ஓவியத் தூரிகைக்கும் அதே நோய்தான்.

தூரிகைக்கு மூன்று பாகம்: முடி, கைப்பிடி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல். குழலுக்கு ஃபெரூல் என்று பெயர். ஆயுளைத் தீர்மானிப்பது அந்தக் குழல்தான், ஆனால் வாங்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. முடியின் அடிப்பகுதி அதற்குள் பசையில் மூழ்கியிருக்கும். குழலின் மறுமுனையில் மரக் கைப்பிடியைச் செருகி, வெளியிலிருந்து நசுக்கிப் பள்ளம் போட்டு இறுக்கியிருப்பார்கள். குழலைச் சுற்றி ஒன்றிரண்டு வரிப்பள்ளம் தெரியுமே, அதுதான். இரண்டு வரி இருந்தால் பிடிமானம் கூடுதல். வரியே இல்லாமல் வழவழவென்று இருந்தால் வெறும் பசையை நம்பித்தான் நிற்கிறது.

குழலைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். தகட்டை உருட்டி ஒட்டியிருந்தால் நீளவாக்கில் ஒரு மூட்டு தட்டுப்படும், அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். மூட்டில்லாத குழல் நல்லது. பித்தளையும் செம்பும் உறுதி, மேலே நிக்கல் பூசியிருப்பதால் வெள்ளையாகத் தெரியலாம். மெல்லிய அலுமினியம் விரலால் அழுத்தினாலே வளையும், வளைந்தால் உள்ளே பசை விட்டுப்போகும்.

தலை கழன்றதற்குக் காரணம் தண்ணீரில் ஊறவைத்ததாக இருக்கலாம். குழலுக்குள் தண்ணீர் போனால் மரம் ஊதும், ஊதிக் குழலை விரிக்கும். காய்ந்ததும் மரம் சுருங்கும், குழல் விரிந்தபடியே இருக்கும். இப்படி நடந்துகொண்டே இருந்தால் தலை ஆட ஆரம்பித்து, கைப்பிடி வர்ணமும் குழலை ஒட்டிய இடத்தில் வெடித்து உரியும். அந்த வெடிப்பைப் பார்த்தாலே தூரிகை தண்ணீர் குடித்திருக்கிறது என்று தெரியும்.

தோழியின் பிரஷ்ஷைத் தூக்கிப்போடச் சொல்லாதீர்கள். முடி கொட்டாமல் தலை மட்டும் கழன்றிருந்தால் சரிபண்ணலாம். நன்றாகக் காயவிட்டு, குழலுக்குள்ளும் மரத்திலும் உள்ள பழைய பசையைச் சுரண்டிவிட்டு, இரண்டு குழாய் கலந்து போடும் எபாக்சி பசை கொஞ்சமாக வைத்துச் செருகி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பசை முடி பக்கம் ஏறாமல் இருக்கத் தலையைக் கீழே தொங்கவிடாமல் படுக்க வைக்க வேண்டும்.

‘இயற்கை முடி’ என்று போட்டிருப்பது நிஜமா என்று தெரிய வேண்டுமானால், கொட்டிய ஒரு முடியை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியில் காட்டினால் போதும். செயற்கை நார் உருகி நுனியில் கெட்டியான சின்ன உருண்டை நிற்கும். விலங்கு முடி தலைமுடி கருகும் வாசம் அடித்துப் பொடியாக உதிரும்.

கடைசியாக ஒன்று, அக்கா திருத்தினால் திருத்தட்டும். கண்ணோரம் மெல்லிய கோடு போடுவதற்கும் உதட்டுக்கும் ஓவியத் தூரிகைக் கடையில் கிடைக்கும் சின்ன செயற்கைத் தூரிகை போதாதா? டக்லான் என்று நாங்கள் சொல்லும் நார்தான் பல மேக்கப் பிரஷ்ஷிலும் இருக்கிறது.


அரிதாரக்காரி எழுதியது:

திருத்த ஒன்றுமில்லை தம்பி, எங்கள் தொழிலில் நிறைய பேர் ஐலைனருக்கு ஓவியத் தூரிகைதான் வைத்திருக்கிறார்கள், நானும்தான். வர்ணத்தில் ஒரு தடவைகூடத் தோய்க்காத புதுசாக இருக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். கைப்பிடி நீளமாக இருப்பதால் கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் போடும்போது இடிக்கும், அப்படியானால் வெட்டிக்கொள்ளலாம். குழலைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கும் காட்டப்போகிறேன்.


தாழம்பூ எழுதியது:

அக்கா, நீர்வண்ணன் அண்ணா, மழைத்துளி, எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி இரண்டு செட்டின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். 24 உள்ளதில் தட்டைக் கண் பிரஷ் ஆறு, மூன்றுக்கு எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. சீப்பும் பஞ்சுக் குச்சியும் எண்ணிக்கையில் இருக்கின்றன. பக்கவாட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. ஏழு உள்ளதில் பஃபிங் பிரஷ், பவுடர் பிரஷ், சாய்ந்த பிளஷ் பிரஷ், ப்ளெண்டிங், தட்டைக் கண் பிரஷ், புருவ பிரஷ், சுருள். குழலில் இரண்டு வரி தெரிகிறது. வாங்கிய ஒருவர் கழுவிய பிறகு எடுத்த படமும் இருக்கிறது, வடிவம் மாறவில்லை.

அதையே வாங்கப்போகிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும், எப்படி? தோழிக்கு நடந்தது எனக்கு நடக்கக் கூடாது. அப்புறம், 24 செட்டில் இயற்கை முடி என்றும் போட்டு, விலங்குகளைத் துன்புறுத்தாதது என்ற முயல் முத்திரையும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் எப்படிச் சேரும்?


அரிதாரக்காரி எழுதியது:

முத்திரை விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். அந்த மாதிரி முத்திரை பொதுவாகச் சொல்வது பொருளை விலங்குகள்மேல் வைத்துச் சோதிக்கவில்லை என்பதை. உள்ளே விலங்கு முடி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. முடி வெட்டி எடுத்ததா, தோலோடு வந்ததா என்பதையும் அது சொல்லாது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமான விஷயம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குச் செயற்கை நாரையே சொல்வதற்கு இது ஒரு காரணம். விலங்கு முடி வேண்டாம் என்பவர்கள் முழுக்கச் செயற்கை என்று எழுத்தில் இருப்பதை வாங்குவதுதான் வழி.

கழுவுவதற்கு வருகிறேன். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 7 முதல் 10 நாளுக்கு ஒரு முறை கழுவச் சொல்கிறது. தினமும் மேக்கப் போடுகிறவர்களுக்கு இது. பவுண்டேஷன் பிரஷ்ஷை நான் இன்னும் சீக்கிரமே கழுவச் சொல்வேன். ஈரமும் எண்ணெயும் தோலின் செத்த செல்லும் ஒன்றாகத் தங்குவது அதில்தான். தவிர அழுக்கேறிய பிரஷ் கனத்துப்போய்த் திட்டாகத்தான் போடும், பிரஷ் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கிவிடுவோம்.

வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஷாம்பு, இவை போதும். கொதிக்கிற தண்ணீர் பசையை இளக்கும். பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்து, முடியின் நுனிப்பக்கம் மட்டும் நனையும்படி குழாயடியில் காட்டுங்கள். தம்பி சொன்ன குழலுக்குள் தண்ணீர் இறங்கக் கூடாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அதில் வட்டமாகச் சுழற்றுங்கள். பஃபிங் பிரஷ் அடர்த்தியாக இருப்பதால் வெளியே சுத்தமாகி உள்ளே நிறம் நிற்கும். கட்டைவிரலால் முடியைப் பிரித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், பழுப்பாகத் தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று. பிழிந்தால் வரும் நுரை வெள்ளையாக இருந்தால் முடிந்தது.

ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, விரலால் வடிவம் பிடித்துவிட்டு, மேசை ஓரத்தில் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி படுக்க வையுங்கள். அடியில் காற்றுப் போகும், வடிவமும் நசுங்காது. குவளையில் நட்டுக் காயவைத்தால் தண்ணீர் நேராகக் குழலுக்குள் இறங்கும், நல்ல பிரஷ்கள் பாழாவது பெரும்பாலும் இதனால்தான். மெல்லிய கண் பிரஷ் சில மணி நேரத்தில் காயும், பஃபிங் பிரஷ்ஷுக்கு ஒரு நாள் முழுக்கக்கூட ஆகலாம். அதனால் மறுநாள் மேக்கப் வேண்டாத அன்று கழுவினால் வசதி. ஹேர் டிரையர் வேண்டாம், செயற்கை நார் சூட்டில் சுருண்டுவிடும்.


பனிமலர் எழுதியது:

என் பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன். எனக்குப் பரு வரும் சருமம். பிரஷ் குத்துகிறதா இல்லையா என்பது எனக்கு ஆடம்பரக் கேள்வி இல்லை, பரு இருக்கும் இடத்தில் சொரசொரப்பான முடி தேய்ந்தால் அன்று முழுக்கச் சிவந்து எரியும். மிருதுவான செயற்கை பஃபிங் பிரஷ்ஷுக்கு மாறியதிலிருந்து எரிச்சல் நின்றது. தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போட்டால் இன்னும் நல்லது.

கேட்க வேண்டியது ஒன்று, அரிதாரக்காரி அக்கா. கழுவலுக்கு இடையில் ஆல்கஹால் தெளித்துத் துடைக்கலாமா? தங்கச்சியும் நானும் ஒரே பவுடர் பிரஷ்ஷைத்தான் எடுக்கிறோம்.


அரிதாரக்காரி எழுதியது:

பவுடர் பிரஷ்ஷுக்கு 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் தெளிக்கலாம்மா. ஒருவருக்குப் போட்டு முடித்து அடுத்தவருக்குப் போடும் முன் நாங்கள் செய்வது அதுதான். முதலில் துணியில் துடைத்துப் பவுடரைப் போக்கிவிட்டு, அப்புறம் முடி நனையும்படி தெளித்து, தானாகக் காயவிட வேண்டும். அழுக்கின்மேல் தெளித்தால் பலன் குறைவு. குழலில் வழியும்படி ஊற்றாதீர்கள், பசையும் கைப்பிடி வர்ணமும் கெடும். இது கழுவுவதற்குப் பதில் ஆகாது, எண்ணெய் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் உங்களுக்குப் பரு வருவதால் நேராகவே சொல்கிறேன், ஆளுக்கொரு பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். கண் பிரஷ்ஷையும் ஐலைனர் பிரஷ்ஷையும் யாரோடும் பகிரவே வேண்டாம்.


தாழம்பூ எழுதியது:

ஏழு உள்ள செட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன் அக்கா. தோழியிடம் எபாக்சி விஷயத்தைச் சொன்னேன், தலை கழன்ற பிரஷ்ஷை இன்னும் வைத்திருக்கிறாளாம், ஒட்டிப் பார்க்கிறேன் என்றாள். பவுடர் பிரஷ்ஷிலிருந்து கொட்டிய முடியையும் அளந்து பார்க்கச் சொன்னேன். எல்லாமே முழு நீளம்.

செட் வந்ததும் முகத்தில் போடும் முன் ஒரு தடவை கழுவிவிட வேண்டுமா?


அரிதாரக்காரி எழுதியது:

கட்டாயம் கழுவுங்கள். தொழிற்சாலைத் தூசியும் சிக்கிக்கொண்ட முடியும் போகும், சில கம்பெனிகள் வடிவம் கலையாமல் இருக்க நுனியில் லேசாகப் பசைமாதிரி ஒன்றைத் தடவி அனுப்புவார்கள், அதுவும் போகும். காய்ந்த பிறகு குழலைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெல்லத் திருகிப் பாருங்கள், முடியை லேசாக இழுத்தும் பாருங்கள். ஆடினாலோ கொத்தாக வந்தாலோ திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். தோழியின் பவுடர் பிரஷ்ஷில் பசைதான் போயிருக்கிறது, அதை முகத்துக்கு இனி எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேசையில் சிந்திய ஐஷேடோ பொடியைத் தட்டிவிட அது போதும்.